காலனியின் பொது இடம்: பூங்காவா, அடர்வனமா, குளமா, அப்படியே விடுவதா?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வெவ்வேறு பேட்டைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மேடவாக்கம் பக்கம் ஒரு லே-அவுட், போரூரில் ஓர் அடுக்ககம், மாதவரத்தில் ஒரு நலச்சங்கம். எல்லோருக்கும் ஓ.எஸ்.ஆர். (Open Space Reservation, திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று நாலைந்து கிரவுண்டு பூட்டிக் கிடக்கிறது. கூட்டம் போட்டால் பாதிப் பேர் பூங்கா கேட்கிறார்கள். இளைஞர்கள் மியாவாக்கி அடர்வனம் என்கிறார்கள். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர் குளம் வெட்டச் சொல்கிறார். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் "சும்மா விடுங்க சார், எதுக்கு வம்பு" என்கிறார். செயலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டு எனக்கு எழுதுகிறார்.

ஓ.எஸ்.ஆர். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க வழி உண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, உங்கள் காலனி நடுவில் இருந்தாலும் அது உங்கள் நிலம் இல்லை. யோசனை உங்களுடையது, அனுமதி மாநகராட்சியுடையது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கணக்குக்கு வசதியாக 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட நாலரை கிரவுண்டு.

## எதை வைத்து அளப்பது

மட்டம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. மழைத்தண்ணீர் அந்த இடத்துக்கு வருகிறதா, அங்கிருந்து போகிறதா? சென்னை தட்டையான ஊர். ஓர் அடி வித்தியாசம் ஒரு தெருவை மூழ்கடிக்கும், அடுத்த தெருவைக் காப்பாற்றும். பழைய பெயர்களே பாதி சொல்லிவிடும். முகப்பேர் ஏரித் திட்டம் என்று முகவரி எழுதுகிறோம், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு. ஏரி போய்விட்டது, பெயர் இருக்கிறது. பழவந்தாங்கல் மாதிரி தாங்கல் என்று முடியும் இடமென்றால், தண்ணீரைத் தாங்கிய இடம் என்று அர்த்தம்.

பெயர் மட்டும் போதாது. சர்வே எண்ணை வைத்து புலப்படத்தை (நிலத்தின் அளவைக் காட்டும் வருவாய்த்துறை வரைபடம்) எடுங்கள். பழைய ஆவணத்தில் வகைப்பாடு என்ன என்று பாருங்கள்: புஞ்சையா, நஞ்சையா, ஏரி உள்வாயா (ஏரித் தண்ணீர் பரவும் பகுதி), வாய்க்கால் புறம்போக்கா? அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். அதையெல்லாம்விட சுலபமான வழி, அந்த ஊரில் பயிர் வைத்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடிப்பது. எங்கள் மடிப்பாக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்த ஒரு தாத்தா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "தம்பி, நீங்க பூட்டு போட்டு வச்சிருக்கிற இடத்துலதான் எங்க எருமைங்க படுத்துக் கிடக்கும்." அதற்கு மேல் எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

மண். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல், ஊற்றிய தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களி. கிண்டி பக்கம் தோண்டினால் பாறை சீக்கிரமே தட்டும். ஆனால் ஒரே வார்டுக்குள்ளும் மாறும் என்பதால், குழி தோண்டிப் பார்ப்பதே நிச்சயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் கடப்பாரையோடு போய் இரண்டடிக் குழி எடுத்து, ஒரு முறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, பள்ளிக்கூட ஸ்கேலைச் செருகிவிட்டு வந்தோம். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தால் ஒரு சாண் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அதில் ஒரு தவளை வேறு குடிவந்துவிட்டது. "உறிஞ்சும் பூங்கா" என்று நான் தயாரித்து வைத்திருந்த அழகான படம் அன்றோடு குப்பைக்குப் போனது.

ஐந்தாம் வருடம். திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள். ஐந்தாம் வருடம் மோட்டார் காயில் போனால் யார் மாற்றுவது, யாரிடம் சாவி இருக்கும்? பணத்தைவிட ஆளைப் பற்றிய கேள்வி இது.

பயன். பக்கத்தில் நடக்கும் தூரத்தில் வேறு பூங்கா உண்டா? குழந்தைகளும் வயதானவர்களும் எத்தனை பேர்? இதற்குப் பதில் காலனிக்குக் காலனி மாறும். நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

## பூங்கா

மனிதர்களுக்கு உடனடியாகப் பயன்படுவது இதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு பாட்டிகள் உட்காரும் இடத்தில் யாரும் குப்பை கொட்ட மாட்டார்கள், ஆக்கிரமிக்கவும் மாட்டார்கள். பொது இடத்துக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. மாநகராட்சிக்கும் பழகின வேலை. கோப்பு சீக்கிரம் நகரும்.

மறைந்திருக்கும் செலவு மண் லாரியில் வரும். பூங்கா என்றதும் ஒப்பந்தக்காரர் முதலில் செய்வது "லெவல் பண்ணுவது". எங்களுக்குப் பக்கத்து லே-அவுட்டில் இரண்டடிக்கு கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி உயர்த்தினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 1,000 சதுர மீட்டரில் இரண்டடி என்றால் 600 கன மீட்டர், அதாவது 6 லட்சம் லிட்டர் தண்ணீர் நின்ற இடம். 12,000 லிட்டர் லாரியில் 50 லோடு. அத்தனை தண்ணீரும் எங்கேயாவது போக வேண்டுமே? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, 2015-இல் வாசற்படியோடு நின்ற வீடுகளில் கூடத்துக்குள் வந்தது. கொட்டிய மண்தான் முழுக் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், இரண்டு மழையும் வேறு வேறு. ஆனால் அந்த வீட்டுக்காரர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அடுத்தது பேவர் பிளாக். நடைபாதை ஒரு சுற்று, உட்கார ஒரு திட்டு, உடற்பயிற்சிக் கருவிகளுக்கு ஒரு மேடை, இறகுப்பந்துக்குக் கொஞ்சம் சிமென்ட் என்று கூட்டிப் பாருங்கள். "பசுமைப் பூங்கா"வில் மூன்றில் ஒரு பங்கு மூடிப்போயிருக்கும். மூன்றாவது புல்தரை. 500 சதுர மீட்டர் புல்லுக்கு கோடையில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் விட்டாலே நாளுக்கு 2,500 லிட்டர். அதை போர்வெல்லிலிருந்து எடுத்தால், 2019-இல் குடம் தூக்கி அலைந்த நமக்கு அது எந்த விதத்தில் சுற்றுச்சூழல் என்று புரியவில்லை. புல் வேண்டாம். வேம்பும் புங்கமும் நட்டு, அடியில் மண்ணை மண்ணாக விடுங்கள்.

இது எப்போது சரி: இடம் சுற்றியுள்ள தெருவைவிட மேடாகவோ சமமாகவோ இருந்து, பக்கத்தில் வேறு பூங்கா இல்லாதபோது. மண் கொட்டக் கூடாது என்பதை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மதிப்பு கிடையாது.

## அடர்வனம்

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை: மண்ணைத் தோண்டி உரமேற்றி, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கமாக நடுவது. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு அவை மேலே ஏறும். இரண்டு மூன்று வருடத்தில் ஆளை மறைக்கும். கோட்டூர்புரத்தில் மாநகராட்சி வளர்த்ததைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் கவர்ச்சி புரியும். புகைப்படத்துக்கு இதை அடிக்க ஒன்றுமில்லை.

எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல்.

ஒன்று தண்ணீர். 1,000 சதுர மீட்டருக்கு மூவாயிரத்துக்கு மேல் கன்று. வேர் பிடிக்கும்வரை சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 5,000 லிட்டர். ஐந்து நாளைக்கு இரண்டு லாரி, இரண்டு மூன்று கோடைக்கு. திட்ட அறிக்கையில் கன்றின் விலை இருக்கும், இந்த லாரி இருக்காது. அதிலும் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நட்டால் கதை முடிந்தது. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். நம் ஊருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. நடுவதென்றால் ஐப்பசி தொடக்கத்தில் நடுங்கள். மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, இந்தக் கடற்கரையின் காடு அப்படி இருப்பதில்லை. கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போய்ப் பாருங்கள், சுமார் 270 ஹெக்டேர். குட்டை மரம், முள் புதர், நடுவில் புல்வெளி. வெயிலுக்குப் பழகிய வறண்ட பசுமைக் காடு. மான் மேய்வது அந்தத் திறந்த வெளியில்தான். எல்லா இடத்தையும் சுவர்போல அடைத்துவிட்டால் அங்கே பறவை வரும், ஆனால் ஆட்காட்டியும் தரையில் மேயும் பூச்சிகளும் போய்விடும். கன்று வாங்கும்போது நாட்டு மரமா என்று கேளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் வேரோடு சாய்ந்து ரோடு முழுக்கக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

குளத்துக்கும் பூங்காவுக்கும் இல்லாத ஒரு பெரிய நன்மை இதற்கு உண்டு. நெடுஞ்சாலை ஓரமோ தொழிற்பேட்டை பக்கமோ இருந்தால், தூசிக்கும் சத்தத்துக்கும் வெப்பத்துக்கும் இதைப்போல திரை வேறில்லை. நடப்பதற்கு இடம் கேட்காத காலனி, மேடான நிலம், தண்ணீருக்கு வழி: மூன்றும் இருந்தால் தாராளமாகப் போடலாம். தாழ்வான களிமண் நிலத்தில் மட்டும் வேண்டாம். கார்த்திகையில் ஒரு வாரம் தண்ணீர் தேங்கினால் பாதிக் கன்று அழுகிவிடும். அப்புறம் "மண்ணை உயர்த்தலாமா" என்ற பழைய கேள்விக்கே திரும்பி வருவீர்கள்.

## குளம்

தாழ்வான இடத்துக்கு இதைத்தான் சொல்வேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ஆனால் இதில்தான் ஏமாற்றமும் அதிகம். ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

1,000 சதுர மீட்டரில் ஓரங்களுக்கு இடம் விட்டு, 30 மீட்டருக்கு 20 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், கரைகளைச் சரிவாக வெட்டினால் சுமார் 7 லட்சம் லிட்டர் பிடிக்கும். உங்கள் லே-அவுட் 10,000 சதுர மீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் மழைக்கு அதன் மேல் விழும் தண்ணீர் 10 லட்சம் லிட்டர். அதில் பெரும்பங்கை இந்த ஒரு பள்ளம் வாங்கிக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தெருவில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீருக்கு இது நல்ல மருந்து.

வெள்ளத்துக்கு மருந்தல்ல. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழையில் இந்த 1,000 சதுர மீட்டரின் மேல் நேராக விழுவதே 4.9 லட்சம் லிட்டர். தெருத் தண்ணீருக்குக் கொஞ்ச இடம்தான் மிஞ்சும். குளம் வெட்டினால் இனி வெள்ளம் வராது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் உடனே திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த பெருமழையில் குளத்தின் மேலேயே பழி விழும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள்.

முதலாவது சாக்கடை. குளத்துக்குள் வரும் மழைநீர் வடிகாலில் எத்தனை வீட்டுக் கழிவுநீர் கள்ளத்தனமாக இணைந்திருக்கிறது? கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. மே மாதத்தில் மழையே இல்லாத ஒரு நாள் வடிகால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது மழை இல்லை. அதைச் சரிசெய்யாமல் குளம் வெட்டினால், காலனி நடுவில் ஒரு செப்டிக் டேங்க் வெட்டியதாகத்தான் ஆகும்.

இரண்டாவது கொசு. பயப்படுவது நியாயம்தான். கம்பூசியா மீனை விட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது வெளிநாட்டு மீன். தவளை முட்டையையும் நம் சின்ன மீன்களையும் சேர்த்துத் தின்றுவிடும். தவளையும் தட்டானும் நிலைத்த குளத்தில் கொசுப்புழு தானாகவே குறையும். ஓரங்களில் பிளாஸ்டிக் கப் மிதக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

மூன்றாவது பாதுகாப்பு. குழந்தைகள் இருக்கும் இடத்தில் செங்குத்தான கரை கூடவே கூடாது. எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "தண்ணி தேங்குறது எனக்கும் புரியுதுங்க, ஆனா என் பேரன் நாலு வயசு" என்றதும் அறையே அமைதியானது. பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது. கரையை மிகச் சரிவாக, ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு மீட்டர் நடக்க வேண்டியதாக வைத்தால் கொள்ளளவு குறையும். ஆனால் விழுந்து மூழ்குவதற்குப் பதில் நடந்து இறங்கித் திரும்பி ஏறலாம்.

நான்காவது வண்டல். வருடாவருடம் புரட்டாசியில் தூர் வார வேண்டும். நீர் நுழையும் இடத்தில் ஒரு சிறிய வண்டல் தொட்டி கட்டினால் வேலை எளிது. வழிந்தோடவும் ஒரு வாய் வேண்டும். பழைய ஏரிகளில் கலங்கல் என்று வைத்தார்களே, அதுதான்.

களிமண்ணில் தண்ணீர் கீழே இறங்காது என்று கவலைப்படாதீர்கள். தேக்குவது ஒரு வேலை, நிலத்தடிக்கு அனுப்புவது இன்னொரு வேலை. களிக்குக் கீழே மணல் அடுக்கு இருந்தால் குளத்துக்குள் ஓர் உறைகிணறு இறக்கலாம், அதற்கு நீரியல் தெரிந்தவரின் ஆலோசனை தேவை. மாநகராட்சியும் சில வருடங்களாகப் பூங்காக்களுக்குள் பள்ளம் வெட்டி ஸ்பாஞ்ச் பார்க் என்று பெயர் வைக்கிறது. 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்திலும் வேளச்சேரிப் பக்கத் தண்ணீருக்காகக் குளங்கள் வெட்டப்பட்டன. எனவே உங்கள் மனுவை ஏதோ புதுமைபோல யாரும் பார்க்க மாட்டார்கள்.

## அப்படியே விடுவது

மூலையில் உட்கார்ந்த அந்த மனிதர் சொன்னதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே கோரையும் ஆவாரையும் இரண்டு பனையும் நிற்கிற, மழைக்குத் தண்ணீர் தேங்கி வடிகிற இடமென்றால், அது உங்கள் செலவில்லாமலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைக்குப் போகிற வழியில் இப்படிப்பட்ட துண்டு நிலங்கள் நிறைய இருந்தன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற தகுதி) வந்தது, நல்ல விஷயம். ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்னப் பள்ளங்களுக்கு எந்த அங்கீகாரமும் இல்லை.

இதன் செலவு கண்காணிப்பு. பார்க்க "வீணாகக் கிடக்கும்" இடத்துக்கு முதலில் கட்டட இடிபாடு வரும், பிறகு நாலு கார், பிறகு ஒரு ஷெட். ஒரு திட்டமும் இல்லாத நிலம் அடுத்தவர் திட்டத்துக்கு வசதி. எனவே சும்மா விடுவதென்றாலும் வேலி, "இது மழைநீர் தங்கும் இடம்" என்று ஒரு பலகை, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கும் வேலை ஆகியவை உண்டு. பாம்பு பயத்துக்கு ஓரமாக ஒரு நடைபாதையை வெட்டிச் சுத்தமாக வையுங்கள், போதும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பூங்கா | அடர்வனம் | குளம் | அப்படியே |
|---|---|---|---|---|
| ஏற்ற மட்டம் | மேடு, சமம் | மேடு, சமம் | தாழ்வு | எதுவும் |
| தெருவில் தேங்கும் தண்ணீர் | மண் கொட்டினால் கூடும் | பெரிய மாற்றமில்லை | நன்றாகக் குறையும் | இப்போதுள்ளது நீடிக்கும் |
| கோடைத் தண்ணீர்த் தேவை | புல் வைத்தால் எப்போதும் | முதல் இரண்டு மூன்று கோடை மட்டும் | இல்லை | இல்லை |
| ஐந்தாம் வருட வேலை | மோட்டார், விளக்கு, கருவிகள் | மிகக் குறைவு | வருடாவருடம் தூர் | ஆக்கிரமிப்புக் கண்காணிப்பு |
| மக்கள் நடமாட்டம் | நிறைய | அநேகமாக இல்லை | கரையில் மட்டும் | இல்லை |

## எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாமா?

கூட்டத்தில் சமரசத்துக்காக இப்படித்தான் முடிப்பார்கள்: கால் பங்கு குளம், கால் பங்கு காடு, மீதி பூங்கா. நாலரை கிரவுண்டில் இது எதுவுமாக ஆகாது. தொட்டி அளவு குளத்தில் தண்ணீர் சேராது, கொசு மட்டும் சேரும்.

இரண்டைச் சேர்க்கலாம். இடம் தாழ்வாக இருந்தால் நான் சொல்வது தாழ்ந்த மைதானம்: தெருவிலிருந்து ஒரு மீட்டர் வரை மெல்லச் சரிந்து இறங்கும் தரை, சுற்றுக்கரையில் நடைபாதை, கரையில் புங்கமும் பூவரசும் நீர்மருதும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை குட்டை, தையில் சேறு, மாசியிலிருந்து கிரிக்கெட். ஏரிக்குள் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆழமான குளத்தின் பாதித் தண்ணீர்தான் பிடிக்கும், ஆனால் நாலு வயசுப் பேரனின் பாட்டியும் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துகள் சேர்ந்ததும் மனுவை ஏரியா சபையில் (வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) வையுங்கள். கவுன்சிலரிடம் தனியாகப் போய்க் கொடுப்பதைவிட, அங்கே வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்குவது பிற்பாடு உதவும். கூடவே புலப்படம், தானப் பத்திரத்தின் நகல், குழி தோண்டிப் பார்த்த படம், மே மாத வடிகால் படம், 2023 தண்ணீர் நின்ற சுவர்க் கறையை ஸ்கேலோடு எடுத்த படம் ஆகியவற்றை இணையுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் ஒரு பங்கை நாமே போட முன்வந்தால் கோப்புக்குக் கால் முளைக்கும். மதிப்பீடு கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டிய வரி "நிரப்பு மண்" என்பது. எங்களுடையதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, 18 லோடு. அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த பிரதியில் 12 லோடாகத் திரும்பி வந்தது, மறுபடி அடித்திருக்கிறோம்.